50 மைக்ரான் மழைக்காலம்

ஐப்பசி மழை சற்று ஓய்ந்த ஒரு பகல். காரின் பக்கக் கண்ணாடிக்கு மேல் இருக்கும், கீறல் விழுந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, மாடி ஷீட்டுக்குக் கீழே வைத்துக் கறுப்பு ஸ்பிரே அடித்தால், அடித்த கணத்தில் முகம் பார்க்கலாம் போல மின்னும். இரண்டு நிமிடம் கழித்து அதன்மேல் சாம்பல் பூத்தாற்போல ஒரு வெண்மை. துணியால் துடைத்தால் போகாது. டப்பாவில் வெள்ளை நிறமி ஒரு துளியும் கிடையாது. சாரலும் படவில்லை. இந்த வெள்ளை எங்கிருந்து வந்தது?

காற்றிலிருந்து வந்தது. அதை வரவழைத்தது பெயின்ட்தான். ஈரமான பெயின்ட் படலம் ஒவ்வொன்றும் தன் தோலுக்கு மேலே தனக்கென்று ஒரு குட்டி வானிலையை உண்டாக்கிக்கொள்கிறது. அங்கே குளிரடிக்கும், பனி இறங்கும். ஊருக்கான வானிலை அறிக்கையில் அது வராது. ஆனால் பம்பரோ, பைக்கின் சைடு பேனலோ ஷோரூம் பளபளப்புக்கு வருவதும் வராததும் பெரும்பாலும் அந்தக் குட்டி வானிலையின் கையில்தான் இருக்கிறது.

முதலில் குளிர். ஸ்பிரே பெயின்ட்டில் நிறமும் பிசினும் சேர்ந்தே கொஞ்சம்தான். மீதியில் பெரும்பகுதி கரைப்பான். அதாவது, பிசினைக் கரைத்துத் திரவமாக வைத்திருந்துவிட்டு, வேலை முடிந்ததும் ஆவியாகிவிடும் சரக்கு. கடையில் தின்னர் என்று கேட்டு வாங்குவது இதைத்தான். எந்தத் திரவமும் ஆவியாக வெப்பம் வேண்டும். உள்ளுறை வெப்பம் என்று பள்ளியில் படித்தோமே, அது. கரைப்பான் அதற்காகத் தொலைவில் எங்கும் அலைவதில்லை. தான் படிந்திருக்கும் பொருளிடமிருந்தே பிடுங்கிக்கொள்கிறது.

எவ்வளவு பிடுங்கும்? தோராயமாக ஒரு கணக்குப் போடலாம். மூடியின் பரப்பு 400 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் 50 மைக்ரான் தடிமனுக்கு ஈரப்பூச்சு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறுதான் மைக்ரான். தலைமுடி சுமார் 70 மைக்ரான் என்பதால், இந்தப் பூச்சு முடியைவிட மெல்லியது. இதற்குச் செலவாவது 2 மில்லிலிட்டர் பெயின்ட். அதில் ஒன்றரை மில்லிலிட்டர் கரைப்பான் என்று வைத்துக்கொண்டால், அது முழுக்க ஆவியாகிப் போக ஏறத்தாழ 500 ஜூல் வெப்பம் வேண்டும். ஒரு டீஸ்பூன் தண்ணீரை 24 டிகிரி சூடேற்றப் போதுமான வெப்பம் இது. 90 கிராம் பிளாஸ்டிக் மூடியிலிருந்து அவ்வளவையும் உறிஞ்சினால் அதன் வெப்பநிலை 3 டிகிரி இறங்கும்.

அந்த 3 டிகிரியும் சராசரிதான். பிளாஸ்டிக் வெப்பத்தை மந்தமாகக் கடத்தும். மேல்தோலில் ஏற்பட்ட குளிர் பின்பக்கத்தை எட்ட ஒரு நிமிடம் ஆகும். அதனால் முதல் அரை நிமிடத்தில் மேல்தோல் மட்டும் இன்னும் கூடுதலாகக் குளிர்ந்து கிடக்கும். போதாததற்கு, டப்பாவிலிருந்து புறப்பட்ட துளிகள் பறந்து வரும் வழியிலேயே ஆவியாகத் தொடங்கி, வந்து சேரும்போதே குளிர்ந்துவிடுகின்றன.

3 டிகிரி குளிர்ந்தால் என்ன குடி முழுகிவிடும்? சித்திரையில் ஒன்றும் ஆகாது. ஐப்பசியில் முழுகும்.

காற்று தன்னிடம் உள்ள நீராவியை எந்த வெப்பநிலைக்குக் கீழே தாங்க முடியாமல் நீர்த்துளியாக இறக்கத் தொடங்குகிறதோ, அதற்குப் பனிநிலை என்று பெயர். ஏ.சி. காரிலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்குவது, கண்ணாடிவில்லை அந்த வெப்பநிலைக்குக் கீழே இருப்பதால்தான். 35 டிகிரி வெயிலில் ஒப்பு ஈரப்பதம் 40 சதவீதமாக இருந்தால் பனிநிலை சுமார் 19 டிகிரி. பெயின்ட் தோல் 15 டிகிரிக்கு மேல் குளிர்ந்தால்தான் தண்ணீர் படியும். அது நடக்கிற காரியமில்லை. மழைக்காலச் சென்னையில் 30 டிகிரி, 85 சதவீதம் என்று ஒரு பகலை எடுத்துக்கொள்ளுங்கள். பனிநிலை 27.2. இடைவெளி 3 டிகிரிகூட இல்லை. ஊட்டியில் மூடுபனிக் காலையில் 12 டிகிரி, 95 சதவீதம் என்றால் இடைவெளி ஒரு டிகிரிக்கும் குறைவு. ஒரே ஒரு தடித்த கோட் போதும், பெயின்ட்டின்மேல் பனி இறங்கிவிடும். பாலங்களுக்கும் கப்பல்களுக்கும் பெயின்ட் அடிப்பவர்கள் பூசும் பரப்பு பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி சூடாக இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்த்த பிறகே வேலையைத் தொடங்குவார்கள். நம் கண்ணாடி மூடிக்கும் அதே விதிதான்.

சரி, தண்ணீர் படிந்தது. தண்ணீருக்கு நிறம் கிடையாதே, பிறகு வெள்ளை எப்படி?

பிசினுக்கும் தண்ணீருக்கும் ஆகாது. கரைப்பானில் நிம்மதியாகக் கரைந்திருந்த பிசின், நடுவில் தண்ணீர் புகுந்ததும் கரைந்திருக்க முடியாமல் பிரிந்து திரிகிறது. திரிந்த பிசினின் இடுக்குகளில் நுண்ணிய நீர்க்குழிகள் மாட்டிக்கொள்கின்றன. பிறகு அந்தத் தண்ணீரும் ஆவியாகிவிட, குழிகளில் வெறும் காற்றுதான் மிஞ்சும். குழிகளின் அளவு ஒளியின் அலைநீளத்துக்கு, அதாவது அரை மைக்ரானுக்கு, ஏறக்குறையச் சமம். இந்த அளவில் உள்ள குழிகள் எல்லா நிறங்களையும் நாலாபுறமும் சிதறடிக்கும். எல்லா நிறமும் கலந்து சிதறினால் கண்ணுக்கு வெள்ளை. நுரை வெள்ளையாக இருப்பதற்கும் மேகம் வெள்ளையாக இருப்பதற்கும் காரணம் இதுவே. ஆக, உங்கள் கறுப்பு பெயின்ட்டின்மேல் படர்ந்திருப்பது திடமாக உறைந்துபோன ஒரு நுரை. காயக் காய வெண்மை கூடுவது ஏன் என்பதும் இப்போது விளங்கும்: பிசினுக்கும் தண்ணீருக்கும் இடையே ஒளி வளைவதைவிட, பிசினுக்கும் காற்றுக்கும் இடையே அது அதிகம் வளைகிறது.

இதே விபத்தை வேண்டுமென்றே நடத்திப் பிழைக்கும் தொழில் ஒன்று இருக்கிறது. 1960-ஐ ஒட்டி, லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன் என்ற இருவர் கடல்நீரைக் குடிநீராக்கும் சவ்வு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள். செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பிசினை அசிட்டோனில் கரைத்தார்கள். நம் தின்னர்களில் சாதாரணமாக இருக்கும் அதே அசிட்டோன். மெல்லிய படலமாகத் தடவி, கொஞ்ச நேரம் ஆவியாக விட்டு, பனிக்கட்டி போட்ட தண்ணீரில் அமிழ்த்தினார்கள். தண்ணீர் உள்ளே புக, பிசின் திரிந்து, மேலே இறுக்கமான தோலும் அடியில் கோடிக்கணக்கான குழிகளும் கொண்ட சவ்வு கிடைத்தது. உப்பு தங்கியது, நீர் கடந்தது. இன்று சமையலறைச் சுவரில் தொங்கும் ஆர்.ஓ. இயந்திரத்தின் சவ்வு வேறு பொருளால் ஆனது என்றாலும், அதைத் தாங்கும் குழிகள் நிறைந்த அடுக்கைச் செய்வது இதே உத்தியால்தான். மாடியில் வெளுத்துப்போன கண்ணாடி மூடியும் வீட்டுக் குடிநீரும் ஒரே இயற்பியலின் இரண்டு முகங்கள் என்பது எனக்கு இன்னமும் வியப்புதான்.

1994-ல் பிரான்ஸில் விதாவ்ஸ்கி, ரவிசோ, பிரான்சுவா ஆகியோர் இன்னும் அழகான ஒன்றைக் கண்டார்கள். நட்சத்திர வடிவ மூலக்கூறுகள் கொண்ட பாலிஸ்டைரீனைச் சட்டென்று ஆவியாகும் திரவம் ஒன்றில் கரைத்து, அதன்மேல் ஈரக்காற்றை வீசினார்கள். படிந்த நீர்த்துளிகள் எல்லாம் ஒரே அளவில், ஒன்றையொன்று நெருக்கி, அறுகோண ஒழுங்கில் அணிவகுத்தன. தண்ணீர் போன பிறகு படலத்தில் மிஞ்சியது மைக்ரான் அளவிலான தேன்கூடு. அச்சு இல்லை, ஊசி இல்லை. கரைப்பானின் குளிரும் காற்றின் ஈரமும் மட்டுமே செதுக்கியவை.

நமக்கு வேண்டியது தேன்கூடு அல்ல, கறுப்பு மூடி. அதற்கு யார் முதலில் வெளியேறுகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தின்னர் என்பது ஒற்றைத் திரவம் அல்ல. பல கரைப்பான்களின் கூட்டணி. அசிட்டோன் 56 டிகிரியில் கொதிக்கும். எத்தில் அசிட்டேட் 77-ல், டொலுயீன் 111-ல், பியூட்டில் அசிட்டேட் 126-ல். கொதிநிலை குறைந்தவை அவசரமாகக் கிளம்பும். உயர்ந்தவை நிதானமாகப் போகும். தண்ணீர் போன பிறகும் பிசினைக் கரைக்கக்கூடிய ஒருவர் படலத்துக்குள் மிச்சமிருந்தால், திரிந்த பிசின் மறுபடி கரைந்து, குழிகள் மூடி, வெண்மை தானாக மறைந்துவிடும். எல்லோரும் தண்ணீருக்கு முன்பே போய்விட்டால் வெண்மை நிலைத்துவிடும்.

இந்த உண்மையை வைத்துத்தான் பெயின்டர்கள் மழைநாளில் பிழைக்கிறார்கள். ரிடார்டர் என்று ஒரு திரவத்தைச் சிறிதளவு தின்னரோடு கலப்பார்கள். 171 டிகிரியில் கொதிக்கும் பியூட்டில் செல்லோசால்வ் போன்ற சோம்பேறிக் கரைப்பான் அது. கடைசிவரை உள்ளே உட்கார்ந்திருந்து கதவைச் சாத்திவிட்டுப் போகும். ஏற்கெனவே வெளுத்துவிட்ட லாக்கர் பூச்சையும் பல சமயம் காப்பாற்றலாம்: காற்று உலர்ந்த வேளையாகப் பார்த்து, மெதுவான தின்னரை மட்டும் புகைபோல மேலே தூவினால், பூச்சு கரைந்து மறுபடி கறுப்பாகிறது. உப்புத்தாளை எடுப்பதற்கு முன் இதை முயன்றுபார்ப்பது புத்திசாலித்தனம்.

லாக்கருக்கு மட்டும் இந்தச் சலுகை ஏன்? அது காய்வதில் வேதிவினையே கிடையாது. கரைப்பான் போகிறது, பிசின் தங்குகிறது, அவ்வளவுதான். அதே கரைப்பானை ஊற்றினால் மறுபடி கரையும். இந்த எளிமை ஒருகாலத்தில் கார்த் தொழிலையே புரட்டிப் போட்டது. 1920-களின் தொடக்கம்வரை காருக்கு எண்ணெய் வார்னிஷ்தான். பூசி, காயவைத்து, தேய்த்து, மறுபடி பூசி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். டூபான்ட் நிறுவனம் டுக்கோ என்ற பெயரில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரைக் கொண்டுவந்தது. அந்தக் காலச் சினிமா பிலிமும் புகையில்லா வெடிமருந்தும் செய்யப்பட்ட அதே பொருள். 1923-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓக்லாண்ட் கார்களுக்கு அதை நீல நிறத்தில் அடித்தது. வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. நம் ஊர்ப் பட்டறைகளில் இன்றும் சிலர் டுக்கோ அடிப்பது என்றுதான் சொல்கிறார்கள்.

பட்டறையில் ஸ்பிரே கன் இருக்கும். வீட்டில் இருப்பது டப்பா. அதற்குள் நடப்பதும் சாதாரண விஷயமில்லை.

அழுத்தம் அடைத்த டப்பாவிலிருந்து திரவத்தைப் பீய்ச்சும் யோசனைக்கு 1920-களின் பிற்பகுதியில் காப்புரிமை வாங்கியவர் நார்வேப் பொறியாளர் எரிக் ரோத்தைம். அதில் பெயின்ட்டை அடைத்தவர் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துச் சிகமோர் ஊரைச் சேர்ந்த எட்வர்ட் சீமோர், ஆண்டு 1949. தான் செய்த அலுமினியப் பூச்சை வாடிக்கையாளர்களுக்கு எளிதாகச் செய்துகாட்ட வழி தேடிக்கொண்டிருந்தார். டப்பாவில் அடைத்துப் பீய்ச்சிக் காட்டலாமே என்று சொன்னவர் அவர் மனைவி பானி.

டப்பாவுக்குள் இருப்பது காற்று அல்ல. புரொப்பேன், பியூட்டேன், டைமெத்தில் ஈதர் போன்ற உந்துவாயுக்கள் அழுத்தத்தில் திரவமாகி பெயின்ட்டோடு கலந்திருக்கின்றன. சமையல் எரிவாயு சிலிண்டரில் இருப்பவர்களும் இவர்களில் சிலரே. வெறும் காற்றை அடைத்திருந்தால், பெயின்ட் குறையக் குறைய அழுத்தமும் விழும். இங்கே ஒவ்வொரு முறை பொத்தானை அமுக்கும்போதும் காலியான இடத்தை நிரப்ப உந்துதிரவம் கொஞ்சம் கொதித்து வாயுவாகிறது. வெப்பநிலை மாறாதவரை முதல் துளிக்கும் கடைசித் துளிக்கும் ஏறக்குறைய ஒரே அழுத்தம். பொத்தானின் துளையைத் தாண்டியதும் மிச்ச உந்துதிரவம் ஒரேயடியாகக் கொதித்து, பெயின்ட்டைத் துளித்துளியாகக் கிழித்தெறிகிறது. துளி ஒன்று 30 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லிலிட்டரில் 7 கோடித் துளிகள்.

'வெப்பநிலை மாறாதவரை' என்றேன் அல்லவா, குளிர்காலத்தின் தொல்லை அங்கேதான் ஆரம்பம். டைமெத்தில் ஈதரின் அழுத்தம் 30 டிகிரியில் இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான் 10 டிகிரியில் இருக்கும். பாதி அழுத்தத்தில் பெயின்ட் சரியாகக் கிழிபடாது. பொடித்தூவலுக்குப் பதில் எச்சில் துப்பியதுபோலச் சொட்டுகள் விழும். விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தாலும் உள்ளே கொதிக்கும் திரவம் டப்பாவைக் குளிரவைத்து இதே கோளாறைச் செய்யும். மழைக்காலத்தில் இன்னொரு வினோதம்: குளிர்ந்த டப்பாவின் உடம்பில் காற்றின் ஈரம் வியர்த்து வழிந்து, பூசிக்கொண்டிருக்கும் பரப்பின்மேலேயே சொட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் டப்பாவைப் பத்து நிமிடம் நிறுத்தி, நன்றாகத் துடைத்து, இரண்டு நிமிடம் குலுக்கி எடுத்தால் தூவல் சீராகிவிடும். கைபொறுக்கும் சூடு போதும். 50 டிகிரியைத் தாண்டக்கூடாது என்று டப்பாவிலேயே அச்சிட்டிருப்பார்கள். அடுப்பு, ஹீட்டர் பக்கமே கொண்டுபோக வேண்டாம். பியூட்டேனின் ஆவியும் அசிட்டோனின் ஆவியும் காற்றைவிட இரு மடங்கு கனமானவை. தரையோடு தரையாக ஊர்ந்துபோய்ப் பக்கத்து அறையின் பூஜை விளக்கைத் தேடிக்கொள்ளும்.

இதுவரை பேசியது பெயின்ட்டைப் பற்றி. அடியில் இருக்கும் பிளாஸ்டிக்குக்கும் தனிப் பிடிவாதம் உண்டு. கழற்றிய பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். உட்புறத்தில் இரண்டு கோணக் குறிகளுக்கு நடுவே சில எழுத்துகள் புடைத்திருக்கும். ஏ.பி.எஸ். என்றிருந்தால் பிரச்சினை குறைவு; பெயின்ட்டின் கரைப்பான் அந்தப் பிளாஸ்டிக்கின் தோலை லேசாகக் கரைத்து அதற்குள் பல் பதிக்கும். பி.பி. என்றிருந்தால் பாலிபுரொப்பிலீன். பம்பர்களில் பெரும்பாலும் அதுதான். பக்கத்தில் டி.20 என்றும் இருந்தால், விறைப்புக்காக 20 சதவீதம் டால்க் தூள் கலந்திருக்கிறார்கள் என்று பொருள். முகப்பவுடரில் இருக்கும் அதே தாது.

பாலிபுரொப்பிலீன் மெழுகு இனத்தது. கரியும் ஹைட்ரஜனும் மட்டுமே. பெயின்ட் பிடித்துக்கொள்ள ஒரு கொக்கிகூடக் கிடையாது. சாதாரணத் தின்னர் அதைத் தொட்டும் பார்க்காது. பூசினால் பளபளவென்று நிற்கும், ஒரு மாதத்தில் ஆப்பிள் தோல்போல உரிந்து வரும். கார் தொழிற்சாலைகள் இதற்குக் கண்டுபிடித்த வழி கொஞ்சம் துணிச்சலானது: பம்பரின்மேல் ஒரு நொடிக்கும் குறைவாக எரிவாயுச் சுடரை ஓட்டுகிறார்கள். பிளாஸ்டிக் உருகுவதற்குள் சுடர் நகர்ந்துவிடும். அந்த இமைப்பொழுதில் மேற்பரப்பில் ஆக்சிஜன் ஒட்டிக்கொள்ள, கொக்கிகள் முளைத்துவிடுகின்றன. வீட்டில் இதை முயலாதீர்கள். அதற்கு மாற்றாகக் கடையில் அட்ஹீஷன் புரோமோட்டர் என்ற தெளிந்த ஸ்பிரே கிடைக்கும். பாலிபுரொப்பிலீனின் உறவுக்காரப் பிசின் ஒன்றில் குளோரினை ஏற்றிச் செய்தது. ஒரு கை பிளாஸ்டிக்கைப் பிடிக்க, மறு கை பெயின்ட்டைப் பிடிக்கிறது. பல மோசமான பம்பர் வேலைகளில் பழி வானிலைமேல் விழுகிறது. குற்றவாளி பெரும்பாலும் தவறவிட்ட இந்த ஒரு கோட்.

இனி படலத்துக்குள்ளேயே போவோம். ஆவியாகும் மேல்தோல் குளிர்ந்து கெட்டியாகிறது. அங்கே பரப்பு இழுவிசை, அதாவது திரவத்தின் தோல் தன்னை இறுக்கிக்கொள்ளும் விசை, கூடுகிறது. இழுவிசை கூடிய இடம் பக்கத்துத் திரவத்தைத் தன்பக்கம் இழுக்கும். அடியிலிருந்து வெதுவெதுப்பான பெயின்ட் மேலேறும், குளிர்ந்தது கீழிறங்கும். முடியைவிட மெல்லிய பூச்சுக்குள் ஆயிரக்கணக்கான குட்டிச் சுழல்கள்! 1900-ல் ஆன்ரி பெனார் சூடேற்றிய மெல்லிய திரவத்தில் இத்தகைய அறுகோண அறைகளைக் கண்டு விவரித்தார். சூடான திரவம் எடை குறைந்து மேலெழுவதே காரணம் என்று அரை நூற்றாண்டாக நம்பினார்கள். மெல்லிய படலங்களில் உண்மையான இயக்குநர் பரப்பு இழுவிசைதான் என்று 1958-ல் பியர்சன் கணக்கிட்டுக் காட்டினார். காயும் பெயின்ட்டில் தெரியும் அறைகளுக்கும் இதே விளக்கம் பொருந்தியது. சுழல்கள் அடங்கிச் சமமாவதற்கு முன் பெயின்ட் கெட்டியாகிவிட்டால், கமலாப்பழத் தோல்போன்ற மேடுபள்ளம் நிரந்தரமாகிவிடும்.

சில்வர் நிறத்துக்கு இன்னொரு சிக்கல். அதன் மினுமினுப்பு, 10–20 மைக்ரான் அகலமுள்ள அலுமினியச் செதில்களிலிருந்து வருகிறது. பூச்சு வேகமாகக் காய்ந்து மெலியும்போது அது செதில்களை அமுக்கிப் படுக்கவைக்கும். படுத்த செதில் ஒளியை நேராகத் திருப்பி அனுப்பும். குளிரில் ஈரம் நெடுநேரம் தங்கினால் செதில்கள் நீந்திக் கண்டபடி சாயும். ஒரே டப்பாவில் அடித்த இரண்டு வீல் கப்புகளில் ஒன்று வெளிர்ந்தும் மற்றது திட்டுத்திட்டாகக் கறுத்தும் தெரிய இதுவே காரணம். கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

லாக்கரைப்போல எல்லாப் பூச்சும் வெறுமனே உலர்வதில்லை. எனாமல் பூச்சு காற்றின் ஆக்சிஜனை உள்ளிழுத்து, மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது. வேதிவினைகளின் வேகம் 10 டிகிரி குளிருக்குச் சுமார் பாதியாகக் குறைவது வழக்கம். கோடையில் ஒரு நாளில் கெட்டியாவது மலைக்குளிரில் நாலு நாள் எடுத்தால் ஆச்சரியமில்லை. சில எனாமல் டப்பாக்களில் அடுத்த கோட்டை ஒரு மணி நேரத்துக்குள் அடியுங்கள், இல்லையேல் 48 மணி நேரம் கழித்து அடியுங்கள் என்று புதிராக எழுதியிருப்பார்கள். இடைப்பட்ட நேரத்தில் படலம் பாதி பின்னியும் பாதி பின்னாமலும் இருக்கும். அப்போது மேலே விழும் புதிய கரைப்பான் உள்ளே ஊறி அதை உப்பவைக்க, உப்பிய தோல் போக இடமில்லாமல் சுருங்கி மடியும். குளிர்காலத்தில் அந்தக் கெடு இன்னும் நீளும் என்பதை டப்பா சொல்வதில்லை.

பட்டறைகள் கடைசியாக அடிக்கும் கடினமான பளபளப்புப் பூச்சு மூன்றாவது வகை. டூ-கே கிளியர் என்பார்கள். பிசினோடு ஹார்டனரைக் கலந்தால்தான் இறுகும். ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் பிசினைத் தேடிப் பிணையவேண்டியது. தண்ணீரைக் கண்டாலோ அதனோடும் வினைபுரிந்து கரியமில வாயுவை விடும். ஒரு கிராம் தண்ணீர், வழக்கமான ஹார்டனரில் 20 கிராமை வீணாக்கி, ஒன்றேகால் லிட்டருக்கும் மேல் வாயுவை உண்டாக்கக்கூடியது. பூச்சில் குண்டூசி முனை அளவில் தோன்றும் குமிழ்களுக்குள் அடைபட்டிருப்பது பல சமயம் அதுதான். கம்ப்ரஸர் வைத்து அடிப்பவர்களுக்கு ஈரம் இன்னும் பக்கத்தில் இருக்கிறது. 85 சதவீத ஈரப்பதத்தில் 9 கனமீட்டர் காற்றை ஒரு கனமீட்டராக நசுக்கிக் குளிரவைத்தால் 200 கிராம் தண்ணீர், ஒரு டம்ளர் நிறைய, பிரிந்து தொட்டியின் அடியில் சேரும். தினமும் அடிக்குழாயைத் திறந்து அந்தத் தண்ணீரை வெளியேற்றாத பட்டறையில் பெயின்ட் அடிக்கக் கொடுப்பதற்குமுன் நான் இருமுறை யோசிப்பேன். டூ-கே பூச்சை வீட்டில் அடிக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. ஐசோசயனேட் மூச்சுக்குழாயில் தீராத ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது, துணி முகக்கவசம் அதன்முன் ஒன்றுமேயில்லை.

லாக்கரோ எனாமலோ போதும் என்றால், மழைக்காலத்திலும் வழி இருக்கிறது. காற்றில் உள்ள நீராவியின் அளவு ஒரே நாளில் பெரிதாக மாறுவதில்லை, மாறுவது வெப்பநிலை. காலை ஏழு மணிக்கு ஈரம் சொட்டும் அதே காற்று, பகல் பன்னிரண்டு மணிக்குச் சூடேறியதும் பனிநிலையிலிருந்து விலகி நிற்கும். முற்பகல் பதினொன்று முதல் மூன்று மணிவரை நல்ல வேளை. பஞ்சாங்கம் பார்க்கத் தேவையில்லை.

அதைவிட நல்ல யோசனை ஒன்றுண்டு. ஊர்க் காற்றை நம்மால் மாற்ற முடியாது, 90 கிராம் பிளாஸ்டிக்கை மாற்றலாம். பாகத்தை 40 டிகிரிக்குச் சூடாக்கினால் 27.2 டிகிரிப் பனிநிலைக்கும் அதற்கும் 13 டிகிரி இடைவெளி கிடைக்கிறது. கரைப்பான் 3 டிகிரி பிடுங்கினாலும் கவலையில்லை. வெயிலில் வைத்தோ ஹேர் டிரையரைக் காட்டியோ சூடாக்கி, டிரையரை அணைத்துத் தள்ளி வைத்துவிட்டு, நிழலில் அடிக்க வேண்டும். வெயிலில் கிடந்த கறுப்புப் பிளாஸ்டிக்கை அப்படியே பூசினால், கரைப்பான் பொறுமையிழந்து கொப்புளிக்கும். கை வைத்தால் இதமாக இருக்கும் சூடு சரியான சூடு. 20–25 சென்டிமீட்டர் தள்ளி நின்று, மெல்லிய கோட்டாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே பத்து நிமிடம் விட்டு அடிக்கலாம். அந்தப் பத்து நிமிடம் பெயின்ட் காய்வதற்கு மட்டுமல்ல. இழந்த வெப்பத்தைப் பாகம் மீட்டுக்கொள்ளவும்தான். அடித்தவுடன் மின்விசிறியைத் திருப்பிவிட வேண்டாம். வேகமாக ஆவியாக்கினால் வேகமாகக் குளிரும், ஈரக்காற்றும் புதிது புதிதாக வந்து சேரும்.

கடைசியாக, தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே வண்டியில் மாட்ட அவசரப்படாதீர்கள். லாக்கர் படலம் மேலே இறுகிய பிறகு, அதுவே உள்ளே மாட்டிய கரைப்பானுக்குச் சிறையாகிவிடுகிறது. மிச்சம் நாள்கணக்கில், குளிரில் வாரக்கணக்கில், கசிந்துதான் வெளியேறும். உள்விளிம்பில் யாருக்கும் தெரியாத இடமாகப் பார்த்து நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடம் விழக்கூடாது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பாருங்கள். தின்னர் வாசனை வருகிறதென்றால் திருகுகள் இன்னும் சில நாள் டப்பாவிலேயே இருக்கட்டும்.